கத்தாத பிள்ளை

மத்தியானம் பதுளையிலிருந்து புறப்பட்ட வெலிமடை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஆஸ்பத்திரியில் பிரசவ வேலை முடிந்து வீடு திரும்பும் இரண்டு மருத்துவமாதுகள் இருந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"கத்துறவளப் பாத்து எனக்குப் பயமே இல்ல, செல்வி. கத்தாதவளுக்குத்தான் பயப்படுவேன்."

"ஏன்க்கா, என்னாச்சு?"

"காலையில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை ஒண்ணு வந்துச்சு. தலைப்பிரசவம். வலிக்குதான்னா, 'கொஞ்சந்தான் மிஸ்'ங்குது. முகத்துல ஒண்ணுமே தெரியல. இன்னும் நேரமிருக்குன்னு அடுத்த கட்டிலுக்குத் திரும்புனேன். அப்பதான் அது கையப் பாத்தேன். ரெண்டு கையும் போர்வையில கொழுந்து பறிக்குது, படபடன்னு."

"ஐயோ!"

"சோதிச்சா, பிள்ளைத் தலை தெரியுது. ஏம்மா சொல்லலன்னு கேட்டேன். லயத்து வரிசை வீட்டுல ஒத்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமனார் இருப்பாரு, சத்தம் போட்டுப் பழக்கமில்லங்குது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இங்க மாமனார் இல்ல, நல்லா கத்துன்னு சொல்லி முதுகத் தேய்ச்சு விட்டேன். கத்துச்சு பாரு, வார்டே திரும்பிப் பாத்துச்சு! ரெண்டு தடவ முக்குனதும் பொம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சொகம்."

செல்வி பெருமூச்சு விட்டு, மடியிலிருந்த பையைக் காலடியில் இறக்கி வைத்தார்.

"பிள்ளைய நெஞ்சுல போட்டதும் கேக்குது, 'மிஸ், வெளிய எங்க வீட்டுக்காரருக்கும் கேட்டிருக்குமா?'ன்னு. வெக்கப்படுதேன்னு, 'கேட்டிருக்காதும்மா'ன்னேன்."

"அதுக்கு?"

"'அடடா, கேட்டிருக்கணுமே'ங்குது."