ஐஸ்பெட்டியில் ஒரு பீர் போத்தல்

மலேசியாவின் ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குச் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் அமர்ந்திருந்த இளம்பெண் தன் அருகிலிருந்த மூத்தவளிடம் சொன்னாள்:

"பீர் போத்தல ஐஸ்பெட்டியில வச்சேன்க்கா. வீடே ரெண்டாயிருச்சு."

"ஏன்லா? ஒம் புருஷன்தான் குடிய விட்டுட்டாரே!"

"அன்னாசி டார்ட் பலகாரத்துக்கு மாவு தேய்க்கத்தான். மரக்கட்டையில தேய்ச்சா ஒட்டிக்கிது. பக்கத்து வீட்ல காலி போத்தல் வாங்கி, கழுவி, பச்சத் தண்ணி ஊத்தி வச்சேன். சில்லுனு இருந்தா ஒட்டாது. மாமியார் பாத்துட்டாங்க. மகன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்னு ஒரே அழுகை."

மூத்தவள் முழுவதுமாக அவள் பக்கம் திரும்பினாள்.

"அவரு என்ன சொன்னாரு?"

"மூடியத் தொறந்து அவங்க மூக்குக்கிட்ட நீட்டினாரு. அப்புறம் மூடிட்டு, அவங்க முன்னாலேயே உக்காந்து மாவத் தேய்ச்சாரு."

"மாமியாரு?"

"கண்ணத் தொடச்சிக்கிட்டு, 'இன்னும் மெல்லிசா தேய்டா'ன்னாங்க."