பாதயாத்திரைக்குச் செருப்பு

முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திருச்செந்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும், அவர்களுக்குத் தெரிந்த ஒரு அம்மாவும் இருந்தார்கள்.

"செருப்பு போட்டு நடக்கச் சொல்லி முருகனே உத்தரவு குடுத்துட்டான், அக்கா" என்றார் அந்த மனிதர்.

"பாதயாத்திரைக்கா? எல்லாரும் வெறுங்கால்லதான போவாக?"

"நானும் அப்படித்தான் நேர்ந்தேன். கருப்பட்டிக் காப்பிய விட்டு, சோத்தக் கொறச்சு, தெனமும் நடந்து, சுகரு எறங்கிருச்சுல்லா. அந்த நன்றிக்கு."

"நன்றி சொல்லுத காலப் பாருங்கக்கா" என்றாள் மனைவி. "அன்னைக்குக் குப்பிச்சில்லு ஏறி ரத்தம் ஒழுகுது, இவுகளுக்குத் தெரியல. தரையப் பாத்து நான்லா சொன்னேன். இன்னொரு புண்ணு வந்தா காலையே எடுக்கணும்னு டாக்டர் சத்தம் போடுதாரு."

"நேர்ந்தது டாக்டர்கிட்டயா?" என்றார் அவர். "அதான் இன்னைக்குச் சன்னதியில பூ கட்டிப் பாத்தோம். செவப்புன்னா வெறுங்கால், வெள்ளைன்னா செருப்பு. ரெண்டு பொட்டலத்துல ஒண்ண எடுத்தேன். வெள்ளை!"

ஆத்தூரில் பஸ் நின்றது. அவர் தண்ணீர் வாங்க இறங்கினார்.

அந்த அம்மா குனிந்து கேட்டார். "செவப்பு வந்திருந்தா என்னளா செஞ்சிருப்ப?"

"எப்படிக்கா வரும்? ரெண்டுலயும் வெள்ளைதான் மடிச்சு வச்சேன்."

"ஏளா, சாமி காரியம்லா!"

"குத்தம்னா எனக்கு வரட்டும்க்கா. அவுகளுக்குக் காலு வேணும்லா."