அருவியை இரண்டாகப் பிரித்த மூக்கு

மாடன்: இலஞ்சிக் குமாரர் மேல சத்தியம் டாக்டரம்மா. சொல்லப்போறது அத்தனையும் நெசம்.

ரூபி: துண்ட மூஞ்சிலருந்து எடுத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. பாதிதான் கேக்கு.

மாடன்: எடுத்தா மூக்கு தெரியும்லா.

ரூபி: சரி, இருக்கட்டும். வெள்ளிக்கிழமை ஜெயபிரியா கல்யாணம். அன்னைக்கும் இப்பிடித்தானா?

மாடன்: துண்டோட மேடையேறினா தாலியே கட்டிக்கிட மாட்டேங்கா எம்மவ. அதுக்குத்தான நீங்க குடுத்த வீட்டுப்பாடத்தச் செஞ்சேன். நேத்து, மெயின் அருவில. துண்டில்லாம, அம்புட்டுக் கூட்டத்துல.

ரூபி: போகுமுன்ன என்ன நெனச்சீங்க?

மாடன்: ஊரே என் கோண மூக்கப் பாத்துச் சிரிக்கும்னு.

ரூபி: என்ன நடந்துச்சு?

மாடன்: அருவி ரெண்டாப் பிரிஞ்சு விழுந்துச்சு.

ரூபி: ...மூக்குக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமா?

மாடன்: வலதுபக்கம் தண்ணி கொஞ்சம் கூட. கோணல்லா.

ரூபி: ம்... ஆரு சிரிச்சா?

மாடன்: சிரிக்கல. ஒரு கொரங்கு வந்து உத்துப் பாத்துச்சு. இந்தா... மூஞ்சிய இப்பிடி வச்சுக்கிட்டு.

ரூபி: எப்பிடி? இன்னொருக்க காட்டுங்க.

மாடன்: இப்பிடி. பாத்துட்டு, கையில வச்சிருந்த வடைய எனக்கே நீட்டுச்சு.

ரூபி: எதுக்கு?

மாடன்: பரிதாபப்பட்டுத்தான்.

ரூபி: அது கொரங்கு சொன்னதா, நீங்க நெனச்சதா?

மாடன்: ...நெனச்சது.

ரூபி: வேற என்ன காரணம் இருக்கலாம்?

மாடன்: வடை ஊசிப்போயிருக்கலாம்.

ரூபி: அருமை. மனுசங்க?

மாடன்: ஒரு போலீஸ்காரர் விசிலடிச்சார். ‘பெரியவரே, தள்ளுங்க’ன்னார்.

ரூபி: மூக்கையா?

மாடன்: சே... ஆளத்தான்.

ரூபி: மத்தவங்க?

மாடன்: அவனவன் குளிக்கத் தேச்ச எண்ணெ கண்ணுல எறங்கி முழிச்சிட்டு நிக்கான். என்னைய எவன் பாத்தான்.

ரூபி: அப்ப ஊரே பாக்கும்னு நெனச்சது?

மாடன்: ...பொய்யாப் போச்சு.

ரூபி: துண்டு எங்க அண்ணாச்சி?

மாடன்: மூஞ்சிலதான்... எய்யா, மடியில கெடக்கு. எப்ப எறக்கினேன்?

ரூபி: கொரங்கு வந்தப்பவே.

மாடன்: அப்பப்பிடிச்சு என் மூக்கவா பாத்துட்டிருக்கீங்க?

ரூபி: நான் வடைய நெனச்சுட்டிருந்தேன். நீங்க?

மாடன்: நானுந்தான்... மூக்கு ஞாபகமே இல்ல.

ரூபி: வெள்ளிக்கிழமை போட்டோவுக்கு?

மாடன்: நிப்பேன். துண்டு தோள்ல. வீட்டுப்பாடத்துல பாஸ்தான?

ரூபி: பாஸ். இந்த ரூம்ல செஞ்சதுக்கு. மெயின் அருவில முந்தாநாளே வெள்ளம் வந்து கயிறு கட்டிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரையும் குளிக்க விடல.