நம்ம ஆள் யாரும் இல்ல

ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடப்பவனுக்குக் கூட்டம் தானாகவே வழிவிடும். சந்தை நாளில்கூட நான் யாரையும் இடித்ததில்லை. ஏணியின் இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டியிருப்பேன்; திரும்புவதற்கு முன் குரல் கொடுப்பேன். எந்த வேலையையும் பார்த்துச் செய்கிற ஆள் நான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மேடம், ஏனென்றால் கமோரு இறந்தது கவனக்குறைவால் என்று உங்கள் கான்ஸ்டபிள் எழுதியிருக்கிறார். அது சரியல்ல.

நீங்கள் கேட்டது கமோருவைப் பற்றி மட்டும்தான். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

பில் கட்டாத வீட்டின் கம்பியைக் கம்பத்தில் ஏறி வெட்டுவது கரண்ட் கம்பெனியில் என் வேலை. இபாடான் சாலையிலிருந்து இறங்கும் ஓக்கே ஒடோ தெரு என் பொறுப்பில் இருந்தது. அங்கே கரண்ட் என்று யாரும் சொல்வதில்லை. லைட் என்பார்கள். லைட்டை எடுத்துட்டாங்க, லைட்டைக் கொண்டுவந்துட்டாங்க. நான் தெருவுக்குள் நுழைந்தால், "லைட்டை எடுக்கிறவன் வர்றான்" என்று ஒரு வாசல் மறு வாசலுக்குச் சொல்லும். அதற்குள் பாதிப் பேர் கதவைப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டதாகச் சொல்ல ஆள் வைத்துவிடுவார்கள்.

அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டர் இல்லை. மீட்டர் இல்லாத வீட்டுக்கு ஆபீஸில் குத்துமதிப்பாக ஒரு தொகை போட்டு அனுப்புவார்கள். ஒரு பல்பும் ஒரு ஃபேனும் இருக்கும் அறைக்கு பேக்கரிக்கு வருகிற மாதிரி பில் வரும். தெருவில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரே அவர்கள் வீடு வீடாக வசூலித்து வாங்கியது. அந்த டிரான்ஸ்ஃபார்மரில் பாதியை இழுப்பது தெருமுனையிலுள்ள, சீஃப் பட்டம் வாங்கிய மொராக்கின்யோவின் பங்களா. ஏசி மட்டுமே எத்தனை என்று அங்கே வேலை செய்பவர்களுக்கே தெரியாது. அந்த வீட்டில் யாரும் பில் கட்டி நான் பார்த்ததில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நினைத்தேன். ஏணியைப் போட்டு சீஃப் வீட்டுக் கம்பியை வெட்டினேன். கீழே இறங்குவதற்குள் போன் அடித்தது. மேனேஜர் ஓலுபோடே.

"லமிடி, எங்க நிக்கிற?"

"சீஃப் வீட்டு வாசல்ல, சார்."

"என்னப்பா பண்ணி வச்சிருக்க? கேட்டுக்கோ. பெரிய கஸ்டமரை வெட்டறதில்ல, பேசறது. சின்ன கஸ்டமர்கிட்டப் பேசறதில்ல, வெட்டறது. இது உனக்கு யாரும் சொல்லித் தரலையா? ஏறு. கட்டு."

சீஃப் வெளியே வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார். குளிர்ந்த மால்ட் பாட்டில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி என் கையில் கொடுத்தார். "குடிச்சிட்டு ஏறுப்பா, வெயில்ல வேலை பாக்கிற புள்ள" என்றார். நான் ஏறியபோது, தன் வெள்ளை அக்பாடா அங்கியைத் தோளுக்கு மேல் சுருட்டிப் போட்டுக்கொண்டு, தானே ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர். அதற்குப் பிறகு அந்த வாசலில் நான் ஏணியைச் சாத்தவில்லை. அவர்மீது எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் சொல்கிறேன்.

இதையெல்லாம் எதிர்ப் பக்கத்தில் நின்று ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் கமோரு.

கமோரு அந்தத் தெருவின் எலக்ட்ரீஷியன். ஃபேன், அயர்ன் பாக்ஸ், தண்ணீர் மோட்டார், எதையும் பார்ப்பான். நான் காலையில் வெட்டுவதை மத்தியானத்தில் கட்டுவதும் அவன்தான். அதை மறைத்தும் செய்யமாட்டான். "ஓகா லமிடி, நீ வெட்டு, நான் கட்டறேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்துதான இந்தத் தெருவை நடத்துறோம்" என்பான். எல்லோர் முன்னாலும் என் தோளில் கை போடுவான். வயதில் எனக்கு இளையவன். ஓகா, அதாவது முதலாளி, என்று அவன் என்னைக் கூப்பிடும்போது கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும்.

நான் சீஃப் வீட்டில் ஏறி இறங்கிய மறுநாள் அவன் கேட்டான்: "ஓகா, எங்க வீட்டுக்கெல்லாம் நல்லா எட்டுதே இந்த ஏணி, சீஃப் வீட்டுக்கு எட்டலையா?"

அன்றிலிருந்து அது தெருவின் பேச்சாகிவிட்டது. முடி வெட்டுகிறவன் கேட்பான், "ஏணி எட்டுதா?" மரவள்ளி மாவு விற்கிறவள் கேட்பாள். என் மனைவி சந்தைக்குப் போனால் அவளிடமும் கேட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து, "அதென்ன ஏணி விஷயம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். சிரிக்கிறவர்கள் சீஃபைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்பதை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

ஆனாலும் எனக்கும் கமோருவுக்கும் நடுவில் ஒரு வழக்கம் இருந்தது. கம்பத்தில் ஏறும் முன் அவன் என்னிடம் கேட்பான்: "ஓகா, லைட் எப்ப வரும்?" முறை வைத்துத்தான் எங்கள் பகுதிக்கு லைட் விடுவார்கள். அந்த முறை எனக்குத் தெரியும். நான் சொல்லிவிடுவேன். அவன் எனக்கு வேலை வைக்கிறவன்தான். இருந்தாலும் இதில் ஒரு தடவைகூட நான் தவறாகச் சொன்னதில்லை. கம்பத்தில் ஏறுகிறவர்களுக்குள் அப்படித்தான். டெஸ்டரைவிட என் வாயை அவன் நம்பினான். லைட் இருக்கும்போது ஏறினால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பூனை மாதிரி வேலை செய்வான். லைட் இல்லை என்று நான் சொல்லிவிட்டால் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, பல்லால் உரித்து, பாட்டுப் பாடிக்கொண்டே கட்டுவான்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மாதக் கடைசி, அதனால் சனிக்கிழமையும் வேலை. காலையில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஓக்கே ஒடோவில் வெட்டிய வீடெல்லாம் திரும்ப எரிகிறது, இந்த மாதமும் அப்படியே இருந்தால் என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்றார். அதற்கு அடுத்த பேச்சிலேயே, "இன்னைக்கு சீஃப் அவங்க அம்மாவுக்கு நினைவு விருந்து வைக்கிறார். ஜெனரேட்டர் சத்தத்துல பாட்டு கெடுதாம். முறைப்படி உங்க பக்கம் சாயங்காலம்தான் லைட். ஆனா மத்தியானமே விடச் சொல்லியிருக்கேன்" என்றார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார்.

நான் தெருவுக்குப் போய் முதலில் இயா டாமோலாவின் கம்பியை வெட்டினேன். இயா என்றால் அம்மா; டாமோலாவின் அம்மா, உறைந்த மீன் விற்பவள். அன்று காலையில்தான் ஃப்ரீசரில் மீன் இறக்கியிருந்தாள்.

"ஓகா, இந்த ஒரு பெட்டி மட்டும் வித்துக்கறேன். நாளைக்கு வந்து வெட்டு. நான் எங்க ஓடிடப் போறேன்?"

"எனக்கு வந்த உத்தரவு, இயா."

"உத்தரவு எங்க வாசல்ல மட்டும் இறங்குதே. அங்க பாரு, பந்தல். அந்தப் பக்கம் போறப்போ உன் உத்தரவுக்குக் கால் வலிக்குதா?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கம்பியை வெட்டிவிட்டு எதிரே உள்ள கடையில் உட்கார்ந்து ரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டேன். கமோரு வருவான் என்று எனக்குத் தெரியும். மீன் அதிக நேரம் தாங்காது.

அவன் வந்தான். இடுப்பில் இடுக்கி, காலில் ரப்பர் செருப்பு. வழக்கம்போல என்னிடம் கேட்டான்.

"ஓகா, லைட் எப்ப வரும்?"

"சாயங்காலம்தான்" என்றேன்.

முறைப்படி அது சரியான பதில். மத்தியான லைட் சீஃபுக்காகத் தனியாக ஏற்பாடு செய்தது. பெரிய கஸ்டமருக்கான ஏற்பாட்டை வெளியாருக்குச் சொல்வதில்லை என்பது ஆபீஸ் வழக்கம். சின்ன கஸ்டமருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அதைத்தான் சொன்னேன்.

பிறகு, "என் ஏணியை எடுத்துக்கோ" என்றேன்.

அவன் தெருப் பக்கம் திரும்பினான். "ஏ இயா டாமோலா, குடத்தையெல்லாம் வெளிய வைங்க. இன்னைக்கு மழை கொட்டப் போகுது. ஓகா ஏணி குடுக்கிறார்" என்று கத்தினான். எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. உண்மையில் அது ஒரு நல்ல நேரம். தெருவில் முதல் தடவையாக என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

அவன் ஏறினான். நான் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டேன், முன்பு சீஃப் எனக்காகப் பிடித்துக்கொண்ட மாதிரி.

"ஏணி எட்டுதா, கமோரு?" என்று கேட்டேன்.

"எட்டுது ஓகா. நல்லா எட்டுது."

அவன் கம்பியைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. சப் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண். முறை இல்லாத நேரத்தில் லைட் விடுவதாக இருந்தால், அந்தப் பகுதியில் நிற்கிற ஆளைக் கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும். அவள் வேலையை அவள் ஒழுங்காகச் செய்தாள். அவள்மீது வழக்குப் போடாதீர்கள். பேசுவதற்காக ஏணியை விட்டுவிட்டு நிழலுக்குப் போனேன்.

"ஓகா லமிடி, ஓக்கே ஒடோ லைன்ல நம்ம ஆள் யாராச்சும் ஏறியிருக்காங்களா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் ஒரு காலைக் கம்பத்தில் சுற்றிப் போட்டிருந்தான். இரண்டு கையும் கம்பியில் இருந்தன. சீஃபின் பந்தலில் மேளத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"நம்ம ஆள் யாரும் இல்ல" என்றேன்.

"அப்ப கொடுக்கவா?"

"கொடுங்க."

இதில் நான் சொன்ன எந்த வார்த்தை பொய் என்று உங்களால் காட்ட முடியுமா, மேடம்? அவன் கம்பெனி ஆள் இல்லை.

எங்கள் ஊரில் லைட் வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தெரு முழுக்க ஒரே வாயாகக் கத்தும். "லைட் வந்திருச்சே" என்று சிறுசுகள் வாசலுக்கு ஓடிவரும், முடி வெட்டுகிறவனின் மெஷின் உறுமும், எல்லா ரேடியோவும் பாதிப் பாட்டிலிருந்து தொடங்கும். அன்றும் அப்படித்தான். எதிர்பாராத நேரத்தில் வந்ததால் கூச்சல் இன்னும் பெரிது. முதலில் மேலே பார்த்தவள் இயா டாமோலா மட்டும். அவள் வீட்டுக்குத்தான் லைட் வரவில்லை. அவளுடைய கத்தலும் கூச்சலோடு கூச்சலாகப் போய்விட்டது.

உடனே ஏன் சப் ஸ்டேஷனைக் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள். கூப்பிட்டேன். கூச்சல் அடங்கியபிறகு கூப்பிட்டேன். அவ்வளவு பேர் சந்தோஷமாக இருக்கும்போது நடுவில் லைட்டை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ வருடமாக அந்தத் தெருவில் நான் லைட்டை எடுக்க மட்டுமே செய்திருக்கிறேன். கொடுத்தது அன்று ஒரு நாள்தான்.

அவனைக் கீழே இறக்கியபோது இயா டாமோலா தன் மேல் துணியை அவிழ்த்துப் போர்த்தினாள். அதில் மீன் வாடை அடித்தது. யாரும் என்னை எதுவும் சொல்லவில்லை. ஏணி கொடுத்தவன், கால் பிடித்தவன் என்றுதான் பார்த்தார்கள். ஒரு கிழவர் என் கையைப் பிடித்து, "நீயாச்சும் அவனுக்கு உதவினியே" என்றார். உடலை வண்டியில் ஏற்றியதும் மேனேஜர் திரும்ப லைட் விடச் சொன்னார். விருந்து நடந்தது. சாயங்காலம் சீஃப் வீட்டிலிருந்து எனக்கு ஜொலோஃப் சாதமும் கோழியும் பொட்டலமாக வந்தது. சாப்பாட்டை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. சாப்பிட்டேன்.

பிறகு நானேதான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். விபத்து என்று எழுதி மூடிவிட்டதாகச் சொன்னார்கள். இல்லை, அவனைக் கொன்றது நான் என்று சொன்னேன். லைட் வரும் என்று தெரிந்து வராது என்று சொன்னேன், அவன் மேலே இருப்பதைப் பார்த்துக்கொண்டே கொடுக்கச் சொன்னேன். இதை மறுக்கப்போவதில்லை. கவனக்குறைவு என்று எழுதியதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னும் ஒரு திருத்தம் இருக்கிறது. கம்பெனி உங்களுக்கு அனுப்பிய பதிலை நேற்று எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். இறந்த கமோரு எங்கள் ஆள் இல்லை என்று அதில் இருந்தது. அது சரி. அதற்கு அடுத்து, லமிடி ஒயேக்கன் என்பவனும் எங்கள் ஆள் இல்லை, கான்ட்ராக்டர் அனுப்பிய தினக்கூலி, அவன் செய்ததற்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இருந்தது. மேனேஜர் கையெழுத்தும் இருந்தது. அவர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். சம்பளம் கான்ட்ராக்டர் தருவது உண்மைதான். வேலைக்குப் போடும் சட்டையைக்கூட நானே காசு கொடுத்துத் தைத்துக்கொண்டேன். ஆனாலும் சட்டையில் கம்பெனி பேர் இருக்கிறது. சீஃபைக் கேளுங்கள், அவருக்கு என்னைத் தெரியும்.

தயவுசெய்து அந்த வரியை அடித்துவிட்டு எழுதுங்கள், மேடம். நான் அவர்கள் ஆள் இல்லை என்றால், அன்றைக்கு நம்ம ஆள் யாரும் இல்லை என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது?