கொழுந்தில்லாத நாளின் புகை

— தேயிலைக் கொழுந்து ஒரு கிலோ கூட வரல்ல. வாட்டுற மேல்மாடி காலியா ஈக்கு. பிறகு ஏன் கந்தப்பண்ணே பொயிலர் இந்த எரி எரியுது?

— மொதல்ல அந்தப் பெஞ்சுல உக்காருங்க மிஸ். பதுளையில இருந்து நமுனுகுல ரோட்டுல குலுங்கிக் குலுங்கி வந்திருக்கீங்க. பிளேன்டீ ஊத்தவா?

— டீ வேணாம். கேட்டதுக்குப் பதில் செல்லுங்க. நான் கம்பனி ஆளில்ல. புகையில இருந்து காபன் சரியாப் பிடிபடுதான்னு பாத்து எழுதிக் குடுக்கிறதுதான் என்ட வேல.

— தெரியுமுங்க. ஆதிலா மிஸ் வர்றாங்க, எல்லாத்தையும் தொடச்சு வையின்னு தோட்டத்துத் தொரை நேத்தே சொல்லிட்டாரு. இருவத்தாறு வருசமா இந்த அடுப்பு வாயில நிக்கிறேன். கொழுந்து காயத்தான் தீ போட்டேன். இப்பப் புகைக்காகத் தீ போடுறேன்.

— புகைக்காகவா?

— ஆமாங்க. அந்தத் தொட்டியில இருக்க மருந்துத் தண்ணி, புகையில உள்ள காபனை உறிஞ்சிக்குது. அதைத் திரும்பக் கக்க வைக்கணும்னா தண்ணிய ஆவியில கொதிக்க விடணும். கக்குன காத்தை அமுக்கி டேங்குல அடைக்கணும். பவுசர் லொறி வந்து மொனராகலைப் பக்கம் கொண்டு போயி பாறைக்குள்ள எறக்குது. வெளிநாட்டுக்காரன் டன்னுக்கு இவ்வளவுன்னு குடுக்குறான். கொழுந்து வந்தா என்ன, வராட்டி என்ன? மீட்டர் ஓடணும்.

— அந்தத் தண்ணியக் கொதிக்க வைக்கவே பாதி ஆவி போயிருமே!

— பாதிக்கு மேலங்க. முன்ன ஒரு லோடு விறகு போட்ட எடத்துல இப்ப ரெண்டரை.

— விறகு எங்கயிருந்து வருது? வெட்ட வெட்டத் திரும்ப நடுற தோட்டத்து விறகுன்னு திட்டக் கடுதாசியில ஈக்கு.

— அது மாசியிலயே தீந்து போச்சுங்க.

— அப்ப இது?

— மேல்மலையில வெட்டுனதுங்க. நாங்க குடியிருக்குற அஞ்சாம் நம்பர் லயத்துக்கு நேர் மேல நின்ன டர்பன்டைன் மரம்.

— யா அல்லாஹ்! அந்த மலை சரியுதுன்னு லயத்துச் சுவர்ல சிவப்புக் குறி போட்டு ஈக்கே, வாற வழியில நானே பாத்தேன். மரத்து வேர்தானே மண்ணப் பிடிச்சுக்கொண்டு ஈக்கிற?

— வாஸ்தவந்தானுங்க. மழை விழுந்தா, நடக்க முடியாத எம் பொஞ்சாதி கருப்பம்மாவை முதுகுல ஏத்திக்கிட்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுறேன். ஐப்பசியில மட்டும் ஏழு தடவ.

— தெரிஞ்சுமா அந்த மரத்த அடுப்புல போடுறீங்க?

— போடலன்னா எங்க முப்பத்திரெண்டு குடும்பத்துக்கும் வீடு இல்லீங்க. காபன் காசுலதான் புது வீடு கட்டித் தர்றாங்க. ரெண்டாயிரம் டன் புடிச்சாத்தான் அத்திவாரம்னு பேச்சு. இன்னைக்குக் காலையிலதான் மீட்டர் அதைத் தாண்டுச்சு. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— இத நான் உள்ளபடி எழுதினா திட்டத்தையே நிப்பாட்டுவாங்க.

— நிப்பாட்டினா பெக்டரியை மூடுவாங்க. வீடும் போச்சு. நாங்க அந்தச் செவப்புக் குறிக்குள்ளயே கெடந்து சாக வேண்டியதுதான்.

— என்ன இப்பிடி மாட்டி விடாதீங்கண்ணே. பொய்க்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிற?

— மீட்டர் பொய் சொல்லலீங்களே. புடிச்சது புடிச்சதுதான். எரிச்சது என்னன்னு கேக்க நீங்க கையெழுத்து வைக்கிற கடுதாசியில கட்டமே இல்லைன்னு தொரை காட்டினாரு.

— கட்டம் இல்லதான். அதுதான் எனக்கும் வயிறு எரியுது.

— இந்த ஒரு தடவ வச்சுக் குடுங்க மிஸ். பொறகு நீங்களே வந்து பொயிலரை மூடுங்க, ஒரு கட்டையையும் தொடமாட்டேன். கருப்பம்மா பயமில்லாமத் தூங்கி ரெண்டு வருசமாச்சு. உங்க கால்ல விழுறேன்.

— எழும்புங்க! அப்பிடிச் செய்யாதீங்க, எழும்புங்கண்ணே. கொண்டாங்க அந்தக் கடுதாசிய... இந்தாங்க, வச்சிட்டேன். அடுத்த மாசம் நான் வாற நேரம் மேல்மலையில ஒரு மரத்துலயும் கத்தி பட்டிருக்கக் கூடாது.

— வெட்ட அங்க மரம் ஏதுங்க? நீங்க நல்லாருக்கணும் தாயி. கருப்பம்மா கேட்டா அழுதுருவா.

— அழவெல்லாம் வேணாம். சுருக்கா அந்தக் குறிக்குள்ள இருந்து வெளிய வாங்க, அது போதும். புது வீட்டுக்கு எடமாச்சும் பாத்தாச்சா?

— கயிறு புடிச்சு அளந்தே குடுத்துட்டாருங்க தொரை. மேல்மலையில மரம் வெட்டுன எடம் வெட்டவெளியாத்தானே கெடக்கு, முப்பத்திரெண்டு வீடும் அங்கதான்.