போடப் போடச் சரியாயிடும்

ஷூ வாங்குவதாக இருந்தால் சாயங்காலம் போங்கள் சார். காலையில் யாருக்குமே பாதம் கொஞ்சம் சுருங்கித்தான் இருக்கும். நாள் முழுக்க நின்று, நடந்து, வெயிலில் அலைந்து, பொழுது சாயும்போது ஒரு சுற்று வீங்கியிருக்கும். அதுதான் உங்கள் நிஜமான கால். உங்கள் ஷூவைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சுண்டுவிரல் பக்கம் தோல் புடைத்துக்கொண்டு நிற்கிறது. டியூட்டிக்குப் போகிற அவசரத்தில் காலையில் வாங்கியிருப்பீர்கள்.

நான் வருஷக்கணக்காக அடுத்தவர் காலடியில் உட்கார்ந்து பிழைப்பவள். எங்கள் கடையில் ஓடுகிறவர்களுக்கான ஷூ மட்டும்தான். கோடையில் ஓடப்போகிறேன் என்று வருகிறவர்களிடம் முதலில் மேல்துணியைத்தான் காட்டுவேன். உள்ளே விரலை விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் விரல் மங்கலாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் காற்றுப் போகும். தண்ணீர் புகாத ஷூ என்று ஒரு வகை உண்டு. மழைக்குத் தங்கம், வெயிலுக்கு அடுப்பு. வெளியிலிருந்து சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது, உள்ளே ஊறுகிற வியர்வையும் வெளியே போகாது. தார் ரோட்டுக்கு அடிப்பாகம் வழவழப்பாக, மெத்தென்று இருக்கலாம். மலைப்பாதைக்கு அடியில் பல் வேண்டும், சரளைக்கல்லில் கவ்விப் பிடிக்க. எதுவாக இருந்தாலும் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட வேண்டும். சூட்டில் கால் வீங்கும், இறக்கத்தில் பாதம் முன்னால் போய் இடிக்கும்.

தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா என்று கேட்டீர்கள் அல்லவா. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். தெரிந்துதான் செய்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் அத்தானைப் பற்றிச் சொல்ல முடியாது. நான் கடையில் சேர்ந்த பிறகுதான் அக்கா ஓட ஆரம்பித்தாள். எனக்காகத்தான். என் தங்கை எடுத்துக் கொடுத்த ஷூ என்று ஊரெல்லாம் காலைத் தூக்கிக் காட்டுவாள். அப்படி ஓடப் போன இடத்தில்தான் அத்தானைப் பிடித்தாள். கல்யாணமானதும் இரண்டு பேரும் சேர்ந்து ஓடினார்கள். ஆனால் அத்தான் மட்டும் ஒரு நாளும் எங்கள் கடையில் ஷூ வாங்கியதில்லை. எனக்கு ‘கால் டாக்டர்’ என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்வார். ஒருமுறை எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “உங்க கடையில காலுக்கு ஷூவா, ஷூவுக்குக் காலா?” என்று கேட்டார். அம்மா சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் மறக்கவில்லை.

ஊர் எல்லையில் தார் ரோடு முடிகிற இடத்தில் ஒரு குவாரி இருக்கிறது. அதை ஒட்டி மலை மேல் பாதை ஏறும். உச்சி தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால் நீரேற்று நிலையம். நடுவில் ஒரு வீடு கிடையாது, மரம் கிடையாது, போனுக்கு சிக்னலும் கிடையாது. போன கோடையில் ஒரு நாள் அக்காவும் அத்தானும் அந்த வழியாகப் போனார்கள். அக்காவுக்குப் புது ஷூ. சிவப்பு. நான் கொடுத்த பரிசு.

அன்று நடந்தது அத்தான் சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தில் அக்காவால் காலை ஊன்ற முடியவில்லையாம். ஒரு பாறை நிழலில் உட்கார வைத்து, இருந்த தண்ணீரை எல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டு, ஆள் கூட்டிவர ஓடினாராம். நீரேற்று நிலையத்துக் காவலாளியோடும் இன்னும் சிலரோடும் திரும்பி வந்தபோது நிழல் நகர்ந்து போயிருந்தது. அக்கா வெயிலில் கிடந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஓடினாராம். அது அவருக்கு நன்றாகவே வரும். கட்டின பெண்டாட்டியை வெயிலில் உட்கார வைத்துவிட்டு ஓடத் தெரிந்தவருக்கு, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கத் தெரியவில்லை. அந்தச் சரிவில் யாராலும் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது என்று நீங்கள் சொல்கிறீர்கள். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அம்மாவும் சொன்னாள். பெண்ணைப் பறிகொடுத்தவள், மாப்பிள்ளை இளைத்துப் போய்விட்டார் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிட்டு உட்கார வைத்துப் பரிமாறினாள். அவரும் வந்து தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டுப் போவார். எதிரே உட்கார்ந்து நானும் சாப்பிடுவேன். எனக்குச் சோறு இறங்காது. இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பிறகு அவர் மறுபடி ஓட ஆரம்பித்தார். கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது என் கண் முன்னாலேயே ரோட்டில் போனார். கையை வேறு ஆட்டினார். வயிறு எரிந்தது சார். அக்கா ஓடிய அதே ரோட்டில், அவள் இல்லாமல், கை வீசிக்கொண்டு. அன்றைக்கு முடிவு செய்தேன். அக்கா பட்ட வலியை இவர் ஒரு தடவையாவது படவேண்டும். அதே மலையில், அதே வெயிலில்.

வழி தேட வேண்டியிருக்கவில்லை. அவரே வந்து கேட்டார். அக்கா போய் வருஷம் திரும்பப் போகிறது, அந்தப் பாதையில் ஒரு தடவை போய்விட்டு வரலாம் என்று இருக்கிறேன், தனியாகப் போக மனசு வரவில்லை, நீயும் வா என்றார். அதோடு நிற்கவில்லை. இந்தத் தடவை ஷூ உன் கடையில்தான் என்றும் சொன்னார். கால் டாக்டர் என்று கேலி செய்த மனுஷன் இப்போது தேடி வருகிறார். பாவத்தைக் கழுவ வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

“காலையில வாங்க அத்தான்,” என்றேன். “கூட்டம் இருக்காது.”

வந்தார். ஏசியைக் கூட்டி வைத்திருந்தேன். குளிரில் பாதம் இன்னும் கொஞ்சம் சுருங்கும். அவருக்கென்று எடுத்து வைத்திருந்தது சாம்பல் நிற ஜோடி. தண்ணீர் புகாத வகை. அடிப்பாகம் ரோட்டுக்கானது, பல் கிடையாது. அளவில் அரை நம்பர் குறைவு. நானே குனிந்து மாட்டிவிட்டேன். லேஸை முன்பக்கம் இறுக்கி, கணுக்கால் பக்கம் தளர்த்திக் கட்டினேன். அப்படிக் கட்டினால் இறக்கத்தில் குதிகால் நிற்காது, பாதம் முழுக்க விரல் நுனிக்கு வந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

எழுந்து நின்றார். “விரல் இடிக்குதே,” என்றார்.

“புதுசு இல்லியா அத்தான். போடப் போடச் சரியாயிடும்.”

அவர் என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எதற்கு அப்படிப் பார்க்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகு குனிந்து காலைப் பார்த்துவிட்டு, “சரி, நீ சொன்னா சரிதான்,” என்றார். கடையிலேயே மேலும் கீழும் நடந்து பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று கூடச் சொன்னார்.

மலைக்குப் போன அன்று நல்ல வெயில். தண்ணீர்ப் பையை நான் வாங்கி என் முதுகில் மாட்டிக்கொண்டேன்; அத்தானுக்குப் பாரம் வேண்டாம் என்றேன். தார் ரோட்டில் அவர் நன்றாகத்தான் ஓடினார். குவாரி தாண்டி ஏற்றத்தில் நடை மாறியது. காலை வெளிப்பக்கமாக வைத்து வைத்து ஏறினார். என்ன அத்தான் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார். உச்சியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் போனார். கழற்றாதீங்க, கால் வீங்கிடுச்சின்னா மறுபடி உள்ளே போகாது என்று தடுத்தேன். அது உண்மை. யாரிடமும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில்தான் விழுந்தார். விரல் மரத்துப் போனவனுக்குக் கல் எது, மண் எது என்று தெரியாது. வழவழப்பான அடி சரளையில் வழுக்கி, கணுக்கால் மடங்கியது. சத்தம் எனக்கே கேட்டது. தவழ்ந்து போய் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸின் முன்பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது. எனக்கு அப்போது மனசு நிறைந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அதுவரைக்கும் அவரைக் கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். கொஞ்ச நேரம் துடிக்கட்டும், ஆள் கூட்டி வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஆற அமர நடந்து போகலாம், அக்கா காத்துக் கிடந்த மாதிரி இவரும் காத்துக் கிடக்கட்டும். அவ்வளவுதான் நினைத்திருந்தேன். அவர்தான் வாயைத் திறந்தார்.

“அவளுக்கும் இதேதான் ஆச்சு,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். “நகமெல்லாம் கறுத்து, சாக்ஸ் ரத்தத்துல ஒட்டிக்கிச்சு. அந்த ஷூவை நான் யார்கிட்டயும் காட்டல. அத்தைகிட்ட கூட. கேட்டா நீ தாங்க மாட்டே.”

நான் தண்ணீர்ப் பையின் வாரை இழுத்து இறுக்கிக்கொண்டேன்.

“கைத்தவறு யாருக்கும் ஒரு தடவை நடக்கும். இன்னொரு தடவை நடக்காதுன்னு நம்பித்தான் இதைப் போட்டுக்கிட்டேன்.”

இப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். தன் தப்பை மறைக்க ஒரு மனுஷன் எந்த அளவுக்குப் போவான் பாருங்கள். விட்டுவிட்டு ஓடியது அவர், பழியைத் தூக்கி என் தலையில் போடப் பார்க்கிறார். அதையும் என்னவோ ஒரு வருஷமாக எனக்கு உபகாரம் செய்த மாதிரி. ஊருக்குத் திரும்பினால் இதை வாயோடு வைத்துக்கொள்வார் என்று என்ன நிச்சயம்? அம்மா காதில் விழுந்தால்? அம்மாவுக்கு மீதி இருப்பது நான் ஒருத்திதான்.

ஆள் கூட்டி வருகிறேன் என்று எழுந்தேன். தண்ணீரை மட்டும் வைத்துவிட்டுப் போ என்றார். எனக்கும் வழியில் வேண்டும் அத்தான் என்றேன். சாம்பல் நிற ஷூ இரண்டையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் அதையும் பார்த்தார். எல்லாம் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நான் திரும்பி நடந்தபோது பின்னாலிருந்து, “பாத்துப் போ, கல்லு வழுக்கும்,” என்றார்.

நீரேற்று நிலையத்தில் காவலாளி நின்றுகொண்டிருந்தார். அன்று அக்காவுக்காக மலையேறி வந்தாரே, அவரேதான். தனியாவா வந்தீங்க என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் நீட்டிய தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தேன். உங்களுக்கு வேண்டியது இந்த ஒரு வார்த்தைதானே. எழுதிக்கொள்ளுங்கள். ஆமாம் என்றேன். அக்காவுக்கு அவர் என்ன செய்தாரோ அதைத்தான் நான் அவருக்குச் செய்தேன். அவர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார், ஆள் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார் என்று நீங்கள் வித்தியாசம் பார்த்தால், அது உங்கள் இஷ்டம்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். முதல் முதலாக ஓடப்போகிறேன் என்று ஒரு அம்மா வந்திருந்தார். பாதத்தை அளந்து, கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, வலைத்துணி வைத்த ஜோடியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். பஞ்சு மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாகப் போனார். மலையில் அந்த நேரம் வெயில் அடங்கியிருக்கும். அத்தானும் அடங்கியிருப்பார் என்று தெரியும்.

நான் செய்தேன். அக்காவுக்காகச் செய்தேன். தண்டனை எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன்.

மேசை மேல் வைத்திருக்கிறீர்களே, அந்தப் பையைப் பிரிக்க வேண்டாம் சார். அத்தானின் பீரோவில், அவர் துணிகளுக்கு அடியில் இருந்தது என்கிறீர்கள். இருக்கலாம். சரி, பிரித்துவிட்டீர்கள். சிவப்புதான். எங்கள் கடையுடையதுதான். அலமாரியில் வெகுநாளாக விற்காமல் இருந்த ஜோடி. நிறம் அக்காவுக்குப் பிடிக்கும் என்று எடுத்துக் கொடுத்தேன். ஷூவின் நாக்கைப் புரட்டி நம்பர் பார்க்க வேண்டியதில்லை, எனக்கே தெரியும். தண்ணீர் புகாத வகை என்று அதிலேயே போட்டிருக்கும். விரல் இடிக்கிறதுடி என்று அவளும்தான் சொன்னாள். என்ன பதில் சொன்னேன் என்று கேட்கிறீர்கள். கடையில் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

அதைக் கொஞ்சம் மேசைக்குக் கீழே வையுங்கள். அக்காவுக்கு எப்போதும் அவசரம் சார். கடை திறந்ததும் திறக்காததுமாக, காலையிலேயே வந்து நின்றாள். சாயங்காலம் வந்திருக்கலாம்.