பதினேழாவது கேள்வி

நஸ்ரி: திரும்பவும் வாசிக்கிறன், கேள். இராகுலன், திருகோணமலைத் துறைமுகம், தொண்ணூற்றாறு.

இராகுலன்: நூற்றுக்கா, நஸ்ரி நானா?

நஸ்ரி: பின்ன என்ன, ஆயிரத்துக்கா? ஒன்பது நாட்டுத் துறைமுகத்துக்கும் கப்பல் கம்பனி சோதினைக்கெண்டு போனில அனுப்பினது ஒரே கேள்வித்தாள்தான். ஹம்பர்க்கில முதலாவதா வந்தவனுக்கே தொண்ணூற்று மூன்று.

இராகுலன்: படிச்ச ஆளோ?

நஸ்ரி: சரக்கு அடுக்கிறதையே படிச்சவன். நீ மூட்டை தூக்கிறவன். எனக்கு மயிர் கூச்செறிஞ்சு போச்சு.

இராகுலன்: அவருக்கு என்ன சம்பளம்?

நஸ்ரி: கேளாத. சரக்கு அடுக்கத் திட்டம் போடுற இதே மேசை வேலைக்கு இங்க ஒரு மாசம் குடுக்கிறதை அவன் நாலு நாளில எடுக்கிறான்.

இராகுலன்: தலை ஒண்டுதானே...

நஸ்ரி: தலைக்கு ஆரடா விலை போட்டான்? அது நிக்கிற கரைக்குத்தான் விலை.

இராகுலன்: எண்டாலும் மூட்டையை விட மேல்தானே. படிவத்தைத் தாங்கோ.

நஸ்ரி: பொறு. பதினேழாவது கேள்வியை எப்பிடிச் செய்தனீ? எந்த அறையில முதல்ல இறக்கினா கப்பல் சரியாதெண்டு. எனக்கு இன்னும் பிடிபடேல்ல.

இராகுலன்: அது... வள்ளத்தில நெல்லு ஏத்திற மாதிரித்தான். ஒரு தலைப்பில எடுத்தா மற்றத் தலைப்பிலயும்...

நஸ்ரி: வள்ளமா? நீ கந்தளாய்க்காரன். குளத்தில தோணி கண்டாலே கண்ணை மூடுவாய்.

இராகுலன்: என்ர பெண்சாதி ஜெயரூபி சொல்லுவா. கட்டைபறிச்சானில தகப்பனோட வள்ளம் ஏத்தினவ எல்லோ... கையெழுத்து எங்க வைக்கிறது?

நஸ்ரி: ஏன் இவ்வளவு அவசரம்?

இராகுலன்: முதுகு ஏலாது, நானா. இனி மூட்டை தொடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். உங்களுக்கும் மறைச்சனான்.

நஸ்ரி: எனக்குமா மறைச்சனீ?

இராகுலன்: தாங்கோ.

நஸ்ரி: நீ வைக்கேலாது. கேள்வித்தாள் வந்தது வியாழன் பத்து மணிக்கு. இருபது நிமிசத்தில மூடிட்டுது. அந்த நேரம் நீ கப்பல் அடித்தட்டில மூட்டையோட. அண்டைக்கு வேலைக்கு வந்த ஆக்களின்ர பேர் பதிஞ்சவன் நான். கேற்றில போனை விடமாட்டாங்கள் எண்டு அதை வீட்டில வைச்சிட்டு வாறனீ.

இராகுலன்: கம்பனிக்குச் சொல்லிட்டியளோ?

நஸ்ரி: காலமையே. திரும்பவும் சோதிக்கட்டும், ஆனா அவவைச் சோதிக்கட்டும் எண்டனான். ஓம் எண்டிட்டாங்கள். படிவத்தில இருக்கிற பேரை வாசி.

இராகுலன்: ஜெயரூபி... ஒரு கையில அகப்பை, மற்றக் கையில போன், பதினொரு நிமிசத்தில முடிச்சிட்டன் எண்டு சொன்னவ. நான்தான் சிரிச்சனான். ஹம்பர்க்கை மிஞ்சின தலையோட பன்னிரண்டு வருசமா கறிக்கு உப்புக் காணாதெண்டு சண்டை பிடிச்சிருக்கிறன், நானா.